ஒரே புரோகிராமை ஏன் நாற்பது முறை ஓட்டுகிறார்கள்?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நம் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கும். கம்ப்யூட்டர் போடும் கணக்கு தவறாது. இன்று தந்த விடையைத்தான் நாளையும் தரும் என்பதே அந்த நம்பிக்கை. பெரும்பாலான வேலைகளில் இது வீண் போவதும் இல்லை. மாதச் செலவுக் கணக்கை எக்ஸெல் தொகுப்பில் போட்டுக் கூட்டிப் பாருங்கள். நூறு முறை கூட்டினாலும் அதே தொகைதான் கிடைக்கும்.

ஆனால் சூப்பர் கம்ப்யூட்டர்களில் ஓடும் ஒரு வகை புரோகிராம் இந்த நம்பிக்கையைச் சற்று அசைத்துப் பார்க்கிறது. பூமியின் பருவநிலையைக் கணக்கிடும் இந்த புரோகிராம்களை கிளைமேட் மாடல் என்று அழைக்கிறார்கள். ஒரு மாடலை எடுத்து, அதே தகவல்களைக் கொடுத்து, தொடக்கத்தில் மட்டும் கண்ணுக்கே தெரியாத அளவில் ஒரு மாற்றம் செய்து மீண்டும் ஓட்டினால், வேறு விடை வருகிறது. விஞ்ஞானிகள் இதைப் பிழை என்று நினைப்பதில்லை. இந்த வேறுபாட்டைப் பார்ப்பதற்காகவே முப்பது முறை, நாற்பது முறை என்று ஓட்டுகிறார்கள்.

ஏன் இப்படி? இதற்கான விடை தெரிந்தால், பருவநிலை பற்றி வரும் செய்திகளை எப்படிப் படிப்பது என்பதும் புரிந்துவிடும். நம் தலைக்கு மேலே இருக்கும் நடு வளிமண்டலத்தை உதாரணமாக எடுத்துக் கொண்டு பார்க்கலாம்.

ஓசோன் ஓட்டை மூடிவிட்டதா?

2019ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு நல்ல செய்தி வந்தது. அன்டார்க்டிகாவுக்கு மேலே ஆண்டுதோறும் உருவாகும் ஓசோன் ஓட்டை, அந்த ஆண்டில் 1 கோடியே 64 லட்சம் சதுர கிலோமீட்டர் வரை வளர்ந்து, பிறகு விரைவாகச் சுருங்கி 1 கோடி சதுர கிலோமீட்டருக்கும் கீழே போய்விட்டது. ஓசோன் ஓட்டை 1985ல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட பிறகு இவ்வளவு சிறிய ஓட்டையை யாரும் பார்த்ததில்லை. பழைய ஃபிரிட்ஜ்களிலும் ஸ்பிரேக்களிலும் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன் வாயுக்களைக் கட்டுப்படுத்த 1987ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் பலன் வந்துவிட்டது, ஓட்டை மூடிக் கொண்டது என்று பலர் நினைத்தார்கள்.

அடுத்த ஆண்டு என்ன நடந்தது தெரியுமா? 2020 செப்டம்பரில் ஓட்டை 2 கோடியே 48 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு விரிந்தது.

அப்படியானால் 2019ல் ஒப்பந்தம் வென்று 2020ல் தோற்றுவிட்டதா? இல்லை. இரண்டு ஆண்டுகளிலும் மேலே இருந்த குளோரின் அளவில் பெரிய வித்தியாசம் கிடையாது. மாறியது காற்றும் வெப்பமும்தான். அவற்றை யாரும் வெளியிலிருந்து மாற்றவில்லை. வளிமண்டலம் தானாகவே ஆடிய ஆட்டம் அது. இந்தத் தானாக ஆடும் குணத்தைத்தான் இயற்கை மாறுபாடு என்று சொல்கிறார்கள்.

நடு வளிமண்டலம் எங்கே இருக்கிறது?

மழை, மேகம், புயல் எல்லாம் நிகழும் கீழ் அடுக்கு, நிலநடுக்கோட்டுப் பகுதியில் சுமார் 16 அல்லது 17 கிலோமீட்டர் உயரம் வரை உள்ளது. துருவங்களின் பக்கம் போனால் இது 10 கிலோமீட்டருக்கும் குறைவாகிவிடும். இதற்கு மேலே சுமார் 50 கிலோமீட்டர் வரை இருப்பது ஸ்ட்ராட்டோஸ்பியர். அதற்கும் மேலே 85 அல்லது 90 கிலோமீட்டர் வரை இருப்பது மீசோஸ்பியர். இந்த இரண்டையும் சேர்த்து நடு வளிமண்டலம் என்கிறோம். சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஓசோன், ஸ்ட்ராட்டோஸ்பியரில்தான் அதிகம் இருக்கிறது.

மேகமும் மழையும் இல்லாத இடம் என்பதால் அங்கே எல்லாம் அமைதியாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அங்கே இரண்டு பெரிய ஆட்டங்கள் நடக்கின்றன.

முதல் ஆட்டம்: தானாகத் திசை மாறும் காற்று

1883ல் இந்தோனேசியாவின் கிரகட்டோவா எரிமலை வெடித்தது. அதன் தூசி மிக உயரத்துக்குச் சென்று, கிழக்கிலிருந்து மேற்காக சுமார் இரண்டு வாரங்களில் பூமியைச் சுற்றி வந்தது. எனவே நிலநடுக்கோட்டுக்கு மேலே மிக உயரத்தில் காற்று எப்போதும் மேற்கு நோக்கியே வீசுகிறது என்று முடிவு கட்டினார்கள். 1908ல் பெர்சன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி ஆப்பிரிக்காவில் பலூன்களைப் பறக்கவிட்டுப் பார்த்தபோது, காற்று நேர் எதிராக, கிழக்கு நோக்கி வீசியது. யார் சொன்னது சரி?

இரண்டுமே சரி என்பது 1960, 1961ஆம் ஆண்டுகளில்தான் தெரிந்தது. அமெரிக்காவில் ரீட் என்பவரும் இங்கிலாந்தில் எப்டன் என்பவரும் தனித்தனியே பலூன் அளவுகளை ஆராய்ந்து இதைக் கண்டுபிடித்தார்கள். அங்கே காற்று சில காலம் கிழக்கு நோக்கி வீசுகிறது. பிறகு திரும்பி மேற்கு நோக்கி வீசுகிறது. ஒரு முழுச் சுற்றுக்குச் சராசரியாக 28 மாதங்கள் ஆகின்றன. புதிய திசைக் காற்று மேலே தோன்றி, மாதத்துக்கு சுமார் ஒரு கிலோமீட்டர் என்ற கணக்கில் மெதுவாகக் கீழே இறங்கி வரும்.

28 மாதம் என்பது வினோதமான காலம். கோடை, குளிர் என்ற 12 மாதக் கணக்குடன் அது பொருந்தவில்லை. வெளியிலிருந்து எதுவும் 28 மாதத்துக்கு ஒரு முறை வந்து தள்ளுவதும் இல்லை. 1968ல் லின்ட்சென், ஹோல்டன் என்ற இரு விஞ்ஞானிகள் இதற்கு விளக்கம் தந்தார்கள். வெப்ப மண்டலத்தின் இடிமேகங்கள் கீழே காற்றைக் குலுக்குகின்றன. குளத்தில் கல் எறிந்தால் அலை பரவுவது போல, இந்தக் குலுக்கலால் அலைகள் மேலே ஏறுகின்றன. மேலே சென்று உடையும்போது அவை சுமந்து வந்த விசையைக் காற்றிடம் கொடுத்து அதைத் தள்ளுகின்றன. ஒரு திசைக் காற்று வலுத்துவிட்டால், அந்தத் திசை அலைகள் கீழேயே தடுக்கப்பட்டுவிடும். எதிர்த் திசை அலைகளுக்கு மேலே வழி கிடைக்கும். இதனால் ஆட்டம் நிற்காமல் நடக்கிறது.

1978ல் பிளம்ப், மெக்யுவன் என்ற இருவர் இதை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார்கள். வளையம் போன்ற ஒரு தொட்டியில் உப்பு நீரை நிரப்பி, ரப்பர் தகட்டை ஒரே சீராக மேலும் கீழும் அசைத்தார்கள். நீர் தானாக ஒரு திசையில் சுற்றத் தொடங்கியது. சிறிது நேரத்தில் தானாகவே எதிர்த் திசைக்கு மாறியது. அசைவு சீராகத்தான் இருந்தது, ஓட்டம்தான் திசை மாறியது!

இந்தக் காற்றின் பதிவேடு 1953லிருந்து விடாமல் வைக்கப்பட்டுள்ளது. முதலில் பசிபிக் கடலின் கான்டன் தீவு, பிறகு மாலத்தீவின் கான் தீவு, 1976 முதல் சிங்கப்பூர் என்று பலூன் நிலையங்கள் மாறி வந்துள்ளன. கேரளத்தின் தும்பாவிலிருந்தும் 1970களில் சோவியத் எம்-100 ராக்கெட்டுகளை ஏவி இந்த உயரத்துக் காற்றை அளந்தார்கள்.

அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒழுங்காக வந்த இந்தச் சுற்று, 2016 பிப்ரவரியில் முதன்முறையாகக் குலைந்தது. கிழக்கு நோக்கிய காற்றின் நடுவில் எதிர்த் திசைக் காற்று திடீரென்று முளைத்தது. யாரும் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. 2019, 2020 காலத்தில் மீண்டும் ஒரு முறை இதே போல நடந்தது.

இரண்டாவது ஆட்டம்: துருவத்தில் திடீர் வெப்பம்

குளிர்காலத்தில் துருவத்துக்கு மேலே, ஸ்ட்ராட்டோஸ்பியரில், மிகக் குளிர்ந்த காற்று ஒரு பெரிய சுழலாகச் சுற்றிக் கொண்டிருக்கும். 1952ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் பலூன்களைப் பறக்கவிட்ட ஷெர்ஹாக் என்ற விஞ்ஞானி ஓர் அதிசயத்தைப் பார்த்தார். குளிர்காலத்தின் நடுவில், அந்த உயரத்தில், ஒரு சில நாட்களில் வெப்பம் பல பத்து டிகிரி உயர்ந்துவிட்டது. கீழிருந்து ஏறும் பெரிய அலைகள் சுழலை உடைப்பதால் இது நிகழ்கிறது என்று 1971ல் ஜப்பானிய விஞ்ஞானி மட்சுனோ விளக்கினார்.

வட துருவத்தில் இந்தத் திடீர் வெப்பம், பத்து ஆண்டுக்குச் சராசரியாக ஆறு முறை வருகிறது. ஆனால் முறை வைத்துக் கொண்டு வருவதில்லை. 1990களின் குளிர்காலங்கள் பெரும்பாலும் பெரிய வெப்ப நிகழ்வு எதுவும் இல்லாமலேயே கழிந்தன. 1998 டிசம்பரிலிருந்து மீண்டும் அடிக்கடி வரத் தொடங்கிவிட்டது. இதன் விளைவு மேலேயே நின்றுவிடுவதும் இல்லை. 2018 பிப்ரவரி நடுவில் சுழல் உடைந்தது. அந்த மாதக் கடைசியில் ஐரோப்பா முழுவதும் கடும் குளிரும் பனிப்பொழிவும் வந்தன.

தென் துருவத்தில் இது மிக அரிது. 2002 செப்டம்பரில் அங்கே பெரிய அளவில் ஒரு முறை நிகழ்ந்து, ஓசோன் ஓட்டை இரண்டாகப் பிளந்தது. 2019 செப்டம்பரில் மீண்டும் சுழல் வலுவிழந்து வெப்பம் உயர்ந்தது. மிகக் குளிர்ந்த காற்றில்தான் ஓசோனை அழிக்கும் வேலை வேகமாக நடக்கும். குளிர் குறைந்ததால் அழிவும் குறைந்தது. அந்த ஆண்டின் சிறிய ஓட்டைக்குக் காரணம் இதுதான். 2020ல் சுழல் வலுவாக இருந்தது, ஓட்டையும் பெரிதானது.

கம்ப்யூட்டருக்குள் ஒரு பூமி

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். கிளைமேட் மாடல் என்பது ஒரு மிகப் பெரிய ஒர்க் ஷீட் போன்றது என்று வைத்துக் கொள்ளுங்கள். பூமியைச் சுற்றியுள்ள காற்றைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் வெப்பம், காற்றின் வேகம், ஈரம் என்று எண்கள் தருகிறார்கள். பக்கத்துப் பெட்டிகளின் எண்களைப் பார்த்து, இயற்பியல் விதிகளின்படி ஒவ்வொரு பெட்டிக்கும் அடுத்த எண் கணக்கிடப்படுகிறது.

பிரிட்டிஷ் வானிலைத் துறையின் ஹாட்சிஎம்3 என்ற மாடலைப் பார்க்கலாம். இது 1990களின் கடைசியில் வந்தது. கிழக்கு மேற்காக 96, வடக்கு தெற்காக 73, உயரத்தில் 19 அடுக்கு என்று இதில் பிரித்திருந்தார்கள். பெருக்கினால் சுமார் 1 லட்சத்து 33 ஆயிரம் பெட்டிகள். காற்றின் கணக்கு அரை மணி நேரத்துக்கு ஒரு முறை போடப்படும். நூறு ஆண்டு ஓட வேண்டும் என்றால் இந்த லட்சத்துச் சொச்சம் பெட்டிகளுக்கும் பதினேழு லட்சம் முறைக்கு மேல் கணக்குப் போட வேண்டும். சூப்பர் கம்ப்யூட்டர் எதற்கு என்று இப்போது புரிகிறதா?

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மழையும் புயலும் கீழேதான் என்பதால், பழைய மாடல்களில் அடுக்குகள் பெரும்பாலும் கீழேயே இருந்தன. மேலே போகப் போக அடுக்குகள் தடிமனாகிவிடும். சில மாடல்கள் ஸ்ட்ராட்டோஸ்பியரின் நடுவிலேயே முடிந்துவிடும். 28 மாதக் காற்று ஆட்டத்தைக் காட்ட, ஸ்ட்ராட்டோஸ்பியரில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான அடுக்குகள் தேவை. அந்தக் காற்றைத் தள்ளும் சிறு அலைகளோ பெட்டியின் அளவைவிடச் சிறியவை. சல்லடைக் கண் பெரிதாக இருந்தால் மாவு நிற்காமல் விழுந்துவிடுவது போல, அவை கணக்கில் சிக்காமல் போய்விடும். எனவே அவற்றின் மொத்த விளைவைத் தனியாக ஒரு தோராயக் கணக்கில் எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது.

பல நாடுகளின் மாடல்களை ஒப்பிடும் உலகத் திட்டம் ஒன்று உள்ளது. அதன் மூன்றாவது சுற்றில் பங்கேற்றவற்றில் ஒரு மாடல்கூட இந்தக் காற்றுச் சுற்றைத் தானாக உருவாக்கவில்லை. ஐந்தாவது சுற்றில் ஐந்து மாடல்கள் உருவாக்கின. ஆறாவது சுற்றில் அது 15 ஆக உயர்ந்தது. இன்று 140 கிலோமீட்டர் உயரம் வரை கணக்கிடும் மாடல்களும் உள்ளன. மேலடுக்குகள் சரியாக இல்லாத மாடல், மேலே நடக்கும் ஆட்டத்தை உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும். அப்படிப்பட்ட மாடலை நம்பினால், இயற்கையாக வந்த ஒரு மாற்றத்தைக்கூட மனிதன் செய்தது என்று தவறாக எண்ணிவிடுவோம்.

மூன்று தசம எண்கள் செய்த வேலை

சரி, மாடல் நன்றாகவே இருக்கிறது. ஒரே மாடல் ஏன் வேறு வேறு விடை தருகிறது?

1961ல் அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் எட்வர்ட் லாரன்ஸ் என்ற வானிலை விஞ்ஞானி, எல்ஜிபி-30 என்ற கம்ப்யூட்டரில் ஒரு சிறிய வானிலை புரோகிராமை ஓட்டிக் கொண்டிருந்தார். ஏற்கெனவே ஓட்டிய கணக்கின் ஒரு பகுதியை மீண்டும் பார்க்க விரும்பி, பிரிண்ட் எடுத்த தாளிலிருந்து நடுவில் உள்ள எண்களை டைப் செய்து ஓட்டினார். முதலில் பழைய விடையே வந்தது. சிறிது நேரத்தில் விலகியது. பிறகு சம்பந்தமே இல்லாத விடை வந்தது. மெஷினில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தார்.

கோளாறு எதுவும் இல்லை. கம்ப்யூட்டரின் உள்ளே 0.506127 என்று இருந்த எண்ணை, தாளில் 0.506 என்று மூன்று தசமத்துடன் அச்சிட்டிருந்தது. அவர் டைப் செய்தது 0.506. அந்தச் சிறிய வித்தியாசம்தான் வளர்ந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. கம்ப்யூட்டர் தவறு செய்யவில்லை. கொடுத்த எண்ணுக்குச் சரியான விடையையே தந்தது. காற்றின் இயல்பு அப்படி.

உங்கள் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்க்கலாம்

இதைப் பார்க்க சூப்பர் கம்ப்யூட்டர் தேவையில்லை. எக்ஸெல் போதும். கீழே தந்துள்ளபடி செய்திடுங்கள்.

1. புதிய ஒர்க் ஷீட் ஒன்றைத் திறந்து ஏ1 செல்லில் 0.4 என டைப் செய்திடுங்கள். பி1 செல்லில் 0.4001 என டைப் செய்திடுங்கள்.

2. ஏ2 செல்லில் =4*ஏ1*(1-ஏ1) என டைப் செய்து என்டர் தட்டுங்கள். இதில் ஏ என்பதை ஆங்கில எழுத்தாகவே அடிக்க வேண்டும்.

3. ஏ2 செல்லை காப்பி செய்து பி2 செல்லில் பேஸ்ட் செய்திடுங்கள். ஃபார்முலா தானாகவே பி1 செல்லை எடுத்துக் கொள்ளும்.

4. இரண்டு செல்களையும் செலக்ட் செய்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்து 500ஆம் வரிசை வரை இழுத்து விடுங்கள்.

இப்போது இரண்டு நெடுவரிசைகளையும் ஒப்பிடுங்கள். 5ஆம் வரிசையில் 0.9984, 0.9985 என ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். 10ஆம் வரிசையில் 0.919, 0.888 என விலகத் தொடங்கும். 13ஆம் வரிசையில் 0.547, 0.162. 15ஆம் வரிசையில் 0.035, 0.993! அதற்குப் பிறகு இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். மேலே ஏ என்ற தலைப்பில் கிளிக் செய்து நெடுவரிசை முழுவதையும் செலக்ட் செய்திடுங்கள். கீழே ஸ்டேட்டஸ் பாரில் ஆவரேஜ் என்று சராசரி காட்டப்படும். அது 0.5ஐ ஒட்டி இருக்கும். பி நெடுவரிசைக்கும் பாருங்கள். அதுவும் 0.5ஐ ஒட்டியே இருக்கும். ஒவ்வொரு எண்ணும் வேறு. சராசரி மட்டும் ஒன்று. தனித்தனி எண்கள் நாளுக்கு நாள் மாறும் வானிலை போன்றவை. சராசரி, பருவநிலை போன்றது.

கடைசியாக ஒன்று. ஏ2 செல்லில் உள்ள ஃபார்முலாவில் 4 என்பதை 3.9 என மாற்றி, மீண்டும் 500 வரை இழுத்து விடுங்கள். இப்போது சராசரி 0.5ஐ விட்டு நன்றாக மேலே நகர்ந்திருக்கும். காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடுவதை இந்த 3.9 போல நினைத்துக் கொள்ளலாம். எண்கள் முன்பு போலவே தாறுமாறாக ஆடும். ஆனால் ஆட்டத்தின் நடுப்புள்ளி நகர்ந்துவிட்டது. ஒரே ஒரு வரிசையை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. பல வரிசைகள் வேண்டும்.

நாற்பது பூமிகள்

கிளைமேட் விஞ்ஞானிகள் செய்வதும் இதைத்தான். நமக்கு இருப்பது ஒரே பூமி. அதை மீண்டும் ஓட்டிப் பார்க்க வழியில்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பூமியை எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம்.

அமெரிக்காவின் போல்டர் நகரில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வு மையம், ஒரே மாடலை 1920லிருந்து முதலில் 30 முறையும் பிறகு 40 வரையிலும் ஓட்டியது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசம், தொடக்கத்தில் காற்றின் வெப்பத்தில் செய்த ஒரு சிறிய மாற்றம் மட்டுமே. எவ்வளவு சிறியது? ஒரு டிகிரியை நூறு லட்சம் கோடி பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு என்ற அளவு. அந்த அளவு மாற்றத்துக்கே, சில பத்தாண்டுகளின் குளிர்காலப் போக்கு ஒவ்வொரு ஓட்டத்திலும் ஊருக்கு ஊர் வேறுபட்டது. எல்லா ஓட்டங்களின் சராசரியில் வருவது வெளியிலிருந்து வந்த தள்ளுதலின் விளைவு. ஒவ்வொன்றும் அந்தச் சராசரியிலிருந்து விலகும் அளவு, இயற்கையின் சொந்த ஆட்டம்.

இன்னொரு முறையும் உண்டு. வெளிச் சூழலில் எந்த மாற்றமும் செய்யாமல், கார்பன் டை ஆக்சைடை அப்படியே நிறுத்தி வைத்து, மாடலை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஓட விடுகிறார்கள். இப்படி ஓட்டிய 4000 ஆண்டுக் கணக்கு ஒன்றில், துருவச் சுழல் பல ஆண்டுகள் தொடர்ந்து வலுவாகவும், பிறகு பல ஆண்டுகள் தொடர்ந்து வலுவிழந்தும் இருப்பது தெரிந்தது. 1990களில் திடீர் வெப்பம் அரிதாக இருந்ததே, அது போன்ற இடைவெளிகள் யாரும் தள்ளாமலேயே வரக்கூடியவை என்பது இதிலிருந்து தெரிகிறது.

வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கும் இதில் ஒரு பங்கு கிடைத்தது. 2003ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தினர் கிளைமேட்பிரெடிக்‌ஷன்.நெட் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் ஒரு கிளைமேட் மாடலை டவுன்லோட் செய்து, தங்கள் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தில் ஓட விட்டார்கள். மேலே சொன்ன பிரிட்டிஷ் மாடலின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் அது. இதில் தொடக்க எண்களுடன், மாடலுக்குள் இருக்கும் தோராயக் கணக்குகளையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். 2000க்கும் மேற்பட்ட ஓட்டங்களின் முடிவுகள் 2005 ஜனவரியில் நேச்சர் இதழில் வெளியாயின. கார்பன் டை ஆக்சைடு இரு மடங்கானால் பூமி எவ்வளவு சூடாகும் என்ற கேள்விக்கு, 2 டிகிரிக்குச் சற்றுக் குறைவிலிருந்து 11 டிகிரிக்கு மேல் வரை விடைகள் வந்தன. ஒரே ஒரு ஓட்டத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

இரைச்சலுக்கு நடுவே குரல்

இவ்வளவு ஆட்டம் இருந்தால் எதையுமே உறுதியாகச் சொல்ல முடியாது என்று நினைத்துவிட வேண்டாம். சந்தை இரைச்சலில் மெதுவாகப் பேசினால் காதில் விழாது; உரக்கப் பேசினால் விழும். இரைச்சல் எவ்வளவு என்று அளந்துவிட்டால், கேட்பது குரல்தானா என்பதை உறுதி செய்துவிடலாம்.

கார்பன் டை ஆக்சைடு கூடினால் கீழே வெப்பம் ஏறும், ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிரும் என்று 1967லேயே மனாபே, வெதரால்டு என்ற இருவர் கம்ப்யூட்டர் கணக்கில் காட்டினார்கள். மனாபேவுக்கு 2021ல் நோபல் பரிசு கிடைத்தது. துருவத்தில் அவ்வளவு ஆட்டம் இருந்தாலும், பூமி முழுவதற்கும் சராசரி எடுத்தால் ஸ்ட்ராட்டோஸ்பியரின் நடு, மேல் பகுதிகளில் இரைச்சல் மிகக் குறைவு. ஒரு பக்கம் சூடானால் மறுபக்கம் குளிர்ந்து ஈடுகட்டிவிடும். குளிரும் அளவோ பெரியது. 1986க்கும் 2022க்கும் இடையில் கார்பன் டை ஆக்சைடு கூடியதால் மட்டும் அங்கே சுமார் 2 டிகிரி குளிர்ந்திருப்பதாக 2023ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. இந்தப் பகுதியையும் சேர்த்துப் பார்த்தால், மனிதனால் வந்த மாற்றத்தைக் கண்டறியும் திறன் ஐந்து மடங்கு கூடுகிறது என்றும் அது காட்டியது.

ஓசோன் ஓட்டை? அது மெல்ல ஆறி வருகிறது. அன்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் 1980ல் இருந்த அளவுக்கு 2066 வாக்கில் திரும்பும் என்பது 2023 ஜனவரியில் உலக வானிலை அமைப்பும் ஐ.நா.வும் வெளியிட்ட மதிப்பீடு. அதற்குள் 2019 போலச் சிறிய ஆண்டுகளும் வரும். 2020 போலப் பெரிய ஆண்டுகளும் வரும். சிறிய ஆண்டைப் பார்த்து வேலை முடிந்தது என்று ஒப்பந்தத்தைக் கைவிடுவதும், பெரிய ஆண்டைப் பார்த்து ஒப்பந்தம் பயனில்லை என்று வெறுப்பதும் ஒரே மாதிரியான தவறுதான்.

அடுத்த முறை, இந்த ஆண்டு இப்படி ஆகிவிட்டது என்று ஒரு செய்தியைப் படிக்கும்போது, உங்கள் ஒர்க் ஷீட்டின் 15ஆம் வரிசையை நினைத்துக் கொள்ளுங்கள். சொல்வது ஒரு வரிசையையா, ஐந்நூறு வரிசைகளின் சராசரியையா என்று கேளுங்கள். அந்த பைலை அழித்துவிடாமல் சேவ் செய்து வைத்திடுங்கள். வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் காட்டலாம்.